அக்காவின் நாக்கு

எங்கள் அக்காவின் நாக்குக்குப் பயப்படாதவர்கள் கும்பகோணத்தில் எங்கள் தெருவிலே யாரும் கிடையாது. பால்காரர் பாலில் தண்ணீர் சேர்க்கும்போது, "இது அந்தத் தமிழ் டீச்சர் வீட்டுப் பால் அல்லவே?" என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டுதான் சேர்ப்பார் என்று சொல்வார்கள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் அவள். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொன்ன குற்றத்துக்காக அவளிடம் திட்டு வாங்கிய பெண்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அவளைத் தெருவில் கண்டால் ழகரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள்.

அத்தான் காலமான பிறகு அக்கா எங்களோடு வந்துவிட்டாள். என் குழந்தைகள் இருவரையும் வளர்த்தவள் அவளே. ஆகையால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவது, ஒரு நோயாளியின் கதை என்பதைவிட, எங்கள் வீட்டின் கதை என்பதே பொருந்தும்.

2022-ஆம் வருஷத்துப் பொங்கலன்று அக்கா கரும்பு கடிக்க மறுத்தாள். அறுபத்தெட்டு வயதில் கரும்பு கடிக்காமலிருப்பது ஆச்சரியமில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் வரையில் எங்கள் எல்லோரையும்விட வேகமாகக் கடித்துத் துப்பியவள் அவள்தான். "நாக்கின் ஓரத்திலே ஒரு புண். கடைவாய்ப் பல் கீறிவிட்டது போலிருக்கிறது" என்றாள். வலி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். வலி இல்லை என்றதும் எனக்கும் கவலை இல்லாமற் போய்விட்டது. அதுதான் நான் செய்த முதல் பிழை.

உள்ளூரில் ஒரு வைத்தியரிடம் காட்டினோம். அவர் சத்து மாத்திரையும் தடவுவதற்கு ஒரு மருந்தும் கொடுத்தார். புண் ஆறவில்லை. வேறு மருந்து கொடுத்தார். அப்போதும் ஆறவில்லை. இப்படியே இரண்டு மாதம் சென்றது. வாயிலே தோன்றும் புண் மூன்று வாரத்துக்குள் ஆறாவிட்டால், அது வலித்தாலும் வலிக்காவிட்டாலும், அதிலிருந்து ஒரு துளிச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ உலகில் எல்லோரும் அறிந்த விஷயம். எங்களுக்கு மட்டும் அது தெரிந்திருக்கவில்லை. கடைசியில் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று பல் டாக்டரிடம் போனபோதுதான், அந்த இளம் பெண் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பல்லைப் பிறகு பார்க்கலாம். முதலில் இந்தப் புண்ணைப் பரிசோதிக்க வேண்டும்" என்றாள்.

"கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?" என்று நான் தயங்கினேன். அப்படியொரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அதற்கு ஆதாரமில்லை என்று அந்தப் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மரத்துப்போக ஓர் ஊசி, அரிசி அளவு சதை, ஒரே ஒரு தையல். கால் மணியில் காரியம் முடிந்தது. ஒரு வாரத்தில் பதில் வந்தது: புற்று நோய்.

அந்தக் காகிதத்தை நான் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டேன். என் மனைவிக்கு மட்டும் சொன்னேன். அக்காவிடம், "ஒன்றுமில்லை, பழைய புண். சென்னையில் பெரிய டாக்டரைப் பார்த்துச் சின்னதாக ஒரு சிகிச்சை செய்துகொண்டு வரவேண்டுமாம்" என்றேன். அவள் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அக்கா பேசாமலிருந்ததைப் பார்த்தபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

*

விசேஷ ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தால், போனவுடனே கட்டிலில் படுக்க வைத்துக் கத்தியை எடுப்பார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்து, பத்து நாளைக்கு வேண்டிய துணிமணிகளையும், ஒரு டப்பா ரவையையும் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். ஆனால் முதல் நாள் முழுவதும் நாங்கள் செய்த காரியம், ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்குப் போனதுதான். பெயர் பதிவு, எடை, உயரம், இரத்த அழுத்தம், சர்க்கரை, என்னென்ன மாத்திரை, எந்த மருந்து ஒவ்வாது, முன்னால் என்னென்ன அறுவை சிகிச்சை என்று கேள்வி மேல் கேள்வி. மாத்திரைச் சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போயிருந்ததற்காக என் மனைவியை அன்று நான் மனத்திற்குள் வாழ்த்தினேன்.

இன்னொன்றும் கேட்டார்கள். ஊரில் எடுத்த சதைப் பரிசோதனையின் காகிதம் மட்டும் போதாதாம். அந்தச் சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டியும், கண்ணாடிச் சில்லுகளும் வேண்டுமாம். அவர்களுடைய நிபுணர் மறுபடியும் தம் கண்ணால் பார்த்த பிறகே சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள். எங்களிடம் அது இல்லை. என் மகன் அன்றிரவே கும்பகோணம் திரும்பி, மறுநாள் அதை வாங்கிக்கொண்டு வந்தான். வாசகர்கள் யாரேனும் இந்த வழியில் போக நேர்ந்தால், முதலிலேயே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவது ஒரு ரயில் பிரயாணத்தை மிச்சப்படுத்தும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ வேறு காப்பீட்டிலோ சேர்ந்திருப்பவர்கள், அதற்கென்று இருக்கும் ஜன்னலில் முதல் நாளே விசாரித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்காமலிருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

மத்தியானம் சஸ்திர சிகிச்சை நிபுணரிடம் அழைத்தார்கள். உள்ளே போவதற்கு முன் நான் முந்திக்கொண்டு போய், "டாக்டர், அக்காவுக்கு விஷயம் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டாள். நீங்கள் தயவு செய்து..." என்று கெஞ்சினேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நாக்கு அவருடையது அல்லவா?" என்று மட்டும் சொன்னார்.

அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். டாக்டர் வணக்கம் சொல்லிவிட்டு, "அம்மா, உங்களுக்கு என்ன உடம்பு என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"என் தம்பி சொன்னதைக் கேட்கிறீர்களா, உண்மையைக் கேட்கிறீர்களா?" என்றாள் அக்கா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாசலிலே அவ்வளவு பெரிய எழுத்தில் புற்று நோய் ஆஸ்பத்திரி என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் முப்பத்தைந்து வருஷம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள். இவன் சட்டைப் பையைத் துணி துவைக்கும்போது பார்த்தே மூன்று வாரம் ஆகிறது. இவன் தாங்க மாட்டான் என்றுதான் நான் சொல்லவில்லை."

நேயர்களே, மூன்று வாரமாக ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இருவரும் தனித்தனியே அழுதிருக்கிறோம்! நோயைவிட அந்த மூன்று வாரந்தான் கொடியது என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். நோயாளியிடம் மறைக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவம் இதுதான்: ஒருவராலும் மறைக்க முடியாது, அந்தப் பொய் நோயாளியைத் தனியாக விட்டுவிடுகிறது, அவ்வளவே.

*

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நாக்கை விரல்களால் அழுத்திப் பார்த்தார். பிறகு கழுத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். மூக்கின் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுத் தொண்டையைப் பார்த்தார். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய, முகத்துக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. படமும், மார்புக்கு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். "எல்லாம் வந்த பிறகு நாங்கள் கூடிப் பேசித் தீர்மானிப்போம்" என்றார்.

இந்தக் 'கூடிப் பேசுவது' எனக்குப் புதுமையாயிருந்தது. அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து நிபுணர், படங்களைப் பார்ப்பவர், சதையைப் பரிசோதிப்பவர் எல்லோரும் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி, ஒவ்வொரு நோயாளியையும் பற்றி விவாதிக்கிறார்களாம். நமது குடும்பங்களில் ஒரு கல்யாணத்தை நிச்சயிப்பதற்குக்கூட இத்தனை அபிப்பிராயம் கேட்பதில்லை. அந்தச் சபையின் தீர்ப்பு இது: கட்டி மூன்று சென்டிமீட்டர்; இரண்டாவது நிலை; படத்தில் கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை; முதலில் அறுவை சிகிச்சை.

தேதி இரண்டு வாரம் தள்ளிக் கிடைத்தது. எனக்குப் பதற்றம். "ஏற்கெனவே இரண்டு மாதம் வீணாயிற்றே!" என்றேன். அந்த இரண்டு வாரமும் சும்மா இருக்கும் காலமல்ல என்பது பிறகு தெரிந்தது. மயக்க மருந்து டாக்டர் இருதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்தார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பின்னால் கதிர்வீச்சு வேண்டியிருந்தால் கெட்டுப்போன பற்களால் தாடையெலும்புக்கே ஆபத்து வரக்கூடும் என்று இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே எழுப்பப் பழகச் சொன்னார்கள். அறுவைக்குப் பின் மார்புச் சளி சேராமலிருக்க அது உதவுமாம். நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புகையிலையை அன்றே, அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும் என்றார்கள்.

புகையிலை! இதுவரையில் அந்தப் பேச்சை எடுக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

கும்பகோணத்துக்காரர்களுக்கு வெற்றிலையைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அக்கா நெடுங்காலம் வெறும் வெற்றிலையும் சீவலுந்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் போன வருஷத்தில் அவளுக்குக் கடுமையான பல் வலி வந்தது. யாரோ, "ஒரு துண்டு புகையிலையை அடக்கிக்கொள், வலி பறந்துவிடும்" என்றார்கள். வலி பறந்தது; புகையிலை தங்கிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக அது அவளுடைய இடது கன்னத்தில் குடியிருந்தது. தினந்தோறும் தபாலாபீஸ் வேலை முடிந்து திரும்பும்போது, கடைத்தெருவில் வெற்றிலை, சீவல், ஒரு துண்டு புகையிலை வாங்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தவன் யார்? நான்தான்! புண் வந்ததும் நாக்கின் இடது ஓரத்தில்தான்.

பாக்கு மட்டுமாவது குற்றமற்றதா என்று டாக்டரிடம் கேட்டேன். எனக்கும் சீவல் பழக்கம் உண்டு. அந்தச் சுயநலத்தில்தான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்று நோய் ஆராய்ச்சிப் பிரிவு, புகையிலை கலந்த வெற்றிலைப் பாக்கைப் பற்றி முன்பே எச்சரித்திருந்ததோடு, 2004-ஆம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்று நோயை உண்டாக்கக் கூடியதென்று தீர்மானித்துவிட்டது என்றார். நான் சட்டைப் பையிலிருந்த சீவல் பொட்டலத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

*

அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் ஒரு காகிதத்தில் நாக்கின் படத்தைப் போட்டு, என்ன செய்யப் போகிறார் என்று அக்காவுக்கே விளக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். எல்லோரும் இப்படிக் குறித்துக்கொள்வது நல்லது. அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் பாதி மறந்துவிடுகிறது.

கட்டியை மட்டும் தோண்டி எடுப்பது பயன்படாதாம். அதைச் சுற்றி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். அக்காவுக்கு நாக்கில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும். அந்தக் குறையை நிரப்புவதற்கு இடது முன்கையிலிருந்து தோலையும் சதையையும் இரத்தக் குழாயோடு எடுத்து நாக்கில் வைத்துத் தைப்பார்கள். மயிரிழை போன்ற நூலால், பூதக்கண்ணாடியின் கீழ், கழுத்திலுள்ள இரத்தக் குழாயோடு அதை இணைப்பார்கள். கையில் ஏற்பட்ட குறைக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துப் போர்த்துவார்கள். கைக்கு இரத்தம் போதுமா என்று பார்க்க, மணிக்கட்டில் இரண்டு நாடிகளையும் அழுத்திக் கை வெளுத்ததும் ஒன்றை மட்டும் விட்டு, மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தார். சிவந்தது. அன்றிலிருந்து இடது கையில் யாரும் ஊசி குத்தக்கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கவிட்டார்கள்.

"கழுத்திலும் அறுக்க வேண்டும்" என்றார் டாக்டர். "படத்தில் ஒன்றுமில்லை என்றீர்களே?" என்று அக்கா மடக்கினாள். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்குப் பெருமிதமளித்தது. கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளை முன்னதாகவே எடுப்பதா, அல்லது நோய் தெரிந்த பிறகு எடுப்பதா என்ற கேள்வி உலகம் முழுவதிலும் நெடுங்காலம் தீராமலிருந்ததாம். அதைத் தீர்த்து வைத்தவர்கள் நம் தேசத்து டாக்டர்கள். 1941-இல் திறக்கப்பட்ட மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில், 500 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2015-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். முன்னதாகவே கழுத்தையும் சுத்தம் செய்துகொண்டவர்களில் மூன்று வருஷத்துக்குப் பின் நூற்றுக்கு 80 பேர் உயிருடனிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 67 பேருக்குச் சற்று அதிகம். உலகமெங்கும் அந்த ஆராய்ச்சியை மேற்கோள் காட்டுகிறார்கள்.

பெருமிதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னைக்குப் புற்று நோய் ஆஸ்பத்திரி வந்த கதையே ஒரு தமக்கையின் கதைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இந்த நோயால் மாண்டார். அந்தத் துயரத்தை அம்மையார் மறக்காமல் மனத்தில் வைத்திருந்து, 1954-இல் அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரியை நிறுவினார். அது தொடங்கியபோது அங்கே இருந்த படுக்கைகள் பன்னிரண்டே. மறுவருஷம் அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ஆம் வருஷம் தாம் மறையும் வரையில் அந்த ஒரே காரியத்துக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். இவர்களெல்லாம் நடந்து போட்ட பாதையில்தான் இன்று நாம் பயமில்லாமல் போகிறோம்.

கையெழுத்துப் போடும் முன் அக்கா கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"டாக்டர், எனக்கு ழகரம் வருமா?"

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. "அம்மா, நீங்கள் பேசுவீர்கள். பிறருக்குப் புரியும்படி பேசுவீர்கள். சாப்பிடுவீர்கள். ஆனால் புதிதாக வைக்கும் சதைக்குச் சுவையும் தெரியாது. தானாக அசையவும் தெரியாது. ழகரத்துக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

அக்கா சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பொய் சொல்லாத வைத்தியரிடம் கழுத்தைக் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

*

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியில் உள்ளே அழைத்துப்போனார்கள். அந்த ஒன்பது மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று விவரிக்கப் போவதில்லை. சொந்தக்காரர்கள் காத்திருக்கும் அறையில் முன்பின் அறியாத முப்பது பேர் இருந்தோம். சாயங்காலத்துக்குள் ஒரே குடும்பமாகிவிட்டோம். தர்மபுரியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் எனக்கு இரண்டு இட்லி கொடுத்து, தின்று முடிக்கும் வரையில் எதிரிலேயே நின்றாள்.

அக்காவை மறுநாள் பார்க்க விட்டார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தும் எனக்குத் திடுக்கிட்டது. முகம் வீங்கியிருந்தது. மூச்சு விடுவதற்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய். ஆகாரத்துக்கு மூக்கிலே ஒரு குழாய். கழுத்திலிருந்து நீர் வடிய இரண்டு குழாய்கள். இடது கை முழுவதும் கட்டு. மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து, புதிய சதையின் நிறத்தையும் அதில் இரத்தம் ஓடும் ஓசையையும் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உடனே மறுபடி அறுவைக் கூடத்துக்குப் போக வேண்டுமாம். முதல் இரண்டு மூன்று நாட்கள்தாம் கண்டம். தொண்டையில் குழாய் இருக்கிறவரையில் பேச முடியாது. இது தற்காலிகந்தான் என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்ளாதவர்கள் அந்த முதல் நாளில் மிகவும் கலங்கிப் போகிறார்கள்.

அக்கா கையசைத்து என்னை அருகே அழைத்தாள். என் மனைவி யோசனையாக ஊரிலிருந்து ஒரு சிலேட்டுப் பலகையைக் கொண்டுவந்திருந்தாள். அதை வலது கையில் கொடுத்தேன். நடுங்கும் கையால் அவள் ஏதோ எழுதினாள். 'வலிக்கிறது' என்பாளோ, 'தண்ணீர்' என்பாளோ என்று நான் குனிந்து பார்த்தேன். பலகையில் இருந்தது இது:

'போடக் கூடாது. க் எங்கே?'

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கண்ணால் மேலே காட்டினாள். தலைமாட்டில் அந்த அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது: 'இடது கையில் ஊசி போட கூடாது.' முந்தின நாளிலிருந்து அந்த ஒற்றுப் பிழை அவளை உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது! நர்ஸ் பெண் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பேனாவை எடுத்துக் 'க்' போட்டாள். எங்கள் அக்கா பிழைத்துவிட்டாள் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நிச்சயமாயிற்று.

இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். ஏழாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். அதற்கு முந்திய இரவு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பல மாதமாக நெஞ்சில் இருந்ததைச் சொன்னேன். "அக்கா, இருபது வருஷமாக அந்தப் புகையிலையை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவன் நான்" என்றேன். மேலே பேச முடியவில்லை. அவள் பலகையை எடுத்து நிதானமாக எழுதினாள்: 'வாங்கி வந்தவன் நீ. மென்றவள் நான். கணக்குச் சரி. தூங்கு.'

பன்னிரண்டாம் நாள் மூக்குக் குழாயும் போய், கஞ்சி குடிக்கப் பழகிக்கொண்டு அறைக்குத் திரும்பினோம்.

*

அறுவை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தது என் அடுத்த பிழை. எடுத்த சதையெல்லாம் பரிசோதனைக்குப் போய், இரண்டு வாரம் கழித்துத்தான் பதில் வரும். அந்தக் காகிதந்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கிறது. பதில் வந்தது: நாக்கில் எல்லா ஓரங்களும் சுத்தம், கழுத்திலிருந்து எடுத்த 31 நெறிக்கட்டிகளில் 30 சுத்தம், ஒன்றிலே மட்டும் நோய் ஒளிந்துகொண்டிருந்தது. படத்துக்குத் தெரியாதது, விரலுக்கும் தட்டுப்படாதது. கழுத்தைத் தொட வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதம் செய்திருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும்.

ஆகவே கதிர்வீச்சு. அறுவை நடந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். வாரம் ஐந்து நாளாக, 30 தடவை. முகத்துக்கு அச்சாக ஒரு வலைக் கவசம் செய்து, அதை மாட்டிப் படுக்க வைத்துச் சில நிமிஷங்கள். அந்த நிமிஷங்களில் வலி கிடையாது. மூன்றாவது வாரத்திலிருந்துதான் துன்பம் ஆரம்பித்தது. வாயெல்லாம் புண், எச்சில் வற்றல், நாக்கில் ருசியே இல்லை. மாம்பழக் காலத்தில் அக்காவுக்கு மாம்பழம் மண்ணாயிருந்தது. தோள்பட்டையும் இறுகிவிட்டது, கழுத்து அறுவைக்குப் பிறகு அப்படி ஆவதுண்டாம். அதற்குத் தினமும் சுவரில் விரல்களால் ஏறுகிற பயிற்சி.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது. முப்பத்தைந்து வருஷம் பிறருக்கு உச்சரிப்புக் கற்றுக்கொடுத்தவள், அந்தப் பெண்ணின் முன்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் போல் ல, ள, ட, ற என்று தொடங்கினாள். முதல் நாள் பயிற்சி முடிந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அக்கா அழுததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மறுநாள் காலையில் எனக்கு முன்பே எழுந்து, கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருஷம் நிறைந்துவிட்டது. முதல் வருஷத்தில் அடிக்கடி, பிறகு சற்று இடைவெளி விட்டு, சென்னைக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறோம். ஐந்து வருஷம் வரையிலாவது தவறாமல் போகவேண்டும் என்பது கட்டளை. ஒவ்வொரு தடவையும் போவதற்கு முந்திய இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. அதற்கு மருந்து ஒன்றும் கிடையாது, பழக்கந்தான். ருசி பெரும்பாலும் திரும்பிவிட்டது. சாதத்தைக் குழையப் பிசைந்து, மோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். பேசுகிறாள். பால்காரர் மறுபடியும் ஜாக்கிரதையாகிவிட்டார்.

ழகரம் மட்டும் வரவில்லை. போன மாதம் அவளுடைய பழைய மாணவி ஒருத்தி தாம்பாளத்தில் வாழைப்பழம் வைத்துக்கொண்டு பார்க்க வந்தாள். "இந்தப் பளத்தை எதுக்கு வாங்கினாய்?" என்றாள் அக்கா. வந்தவளுக்குக் கண்ணில் நீர் துளும்பிவிட்டது. அக்கா அதைக் கவனித்தாள்.

"எதற்கடி அழுகிறாய்? தமிழ்நாட்டிலே பாதிப் பேர் முழு நாக்கை வைத்துக்கொண்டே பளம் என்கிறார்கள். எனக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. நீ சொல், பார்க்கலாம்!"

அந்த ஐம்பது வயது ஸ்திரீ எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "பழம், டீச்சர்" என்றாள்.

"உட்கார்" என்றாள் அக்கா.